‘விதி’ என்னும் வழக்கு: நாவல்வழி வந்த நீதிமன்றப் படமும் அவையோர் கருத்தும்

தெலுங்கு எழுத்தாளர் டி. காமேசுவரியின் ‘கொத்த மலுப்பு’ என்னும் நாவல் 1981ஆம் ஆண்டு ‘நியாயம் காவாலி’ என்னும் பெயரால் திரைப்படமாயிற்று. ஏ. கோதண்டராமி ரெட்டி இயக்கிய அப்படத்தில் சாரதா, இராதிகா, ஜக்கையா, சிரஞ்சீவி ஆகியோர் நடித்தனர். 1983ஆம் ஆண்டு இந்தியிலும் 1984ஆம் ஆண்டு தமிழிலும் அக்கதை மீண்டும் படமாயிற்று. தமிழ்ப் படத்தின் பெயர் ‘விதி’. கே. பாலாஜி தயாரித்து, கே. விஜயன் இயக்கிய அப்படத்திற்கு உரையாடல் எழுதியவர் ஆரூர்தாஸ். சுஜாதா, ஜெய்சங்கர், பூர்ணிமா, மோகன் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர்.

கதை சுருக்கமானது. மணந்துகொள்வதாக நம்பவைத்துக் கூடிய ஒருவன், பெண் கருவுற்றபின் அவளைக் கைவிடுகிறான். அவள் வழக்கு மன்றம் ஏறுகிறாள். அவளுக்காக வாதிட வருபவள் சகுந்தலா என்னும் வழக்கறிஞர். இளைஞனுக்காக வாதிடுபவர் அவன் தந்தையும் பெயர்பெற்ற வழக்கறிஞருமான தயாநிதி. இத் தயாநிதியே முன்னொரு காலத்தில் சகுந்தலாவை அவ்வாறே ஏமாற்றியவர் என்பது கதையின் மறைபொருள்.

இப்படத்தைப் பற்றி அன்று தொட்டு இருவேறு கருத்துகள் வழங்குகின்றன. கைவிடப்பட்ட பெண் அழுது மறையாமல் மன்றம் ஏறிப் பேசியதைத் தமிழ்த் திரைக்குப் புதுமை எனப் பாராட்டுவோர் ஒருசாரார். படம் முழுதும் பேச்சாய் நிரம்பியது, நீதிமன்றம் நீதிமன்றம் போல் இல்லை, எதிர்வழக்கறிஞரே பழைய காதலராய் அமைந்தது நம்பத் தகாத தற்செயல் என்று குறை கூறுவோர் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளையும் வெறும் சுவை வேறுபாடு என்று ஒதுக்கிவிடலாகாது. இரு சாராரும் ஒரே படத்தைக் கண்டனரேனும், ஒரே பொருளைத் தீர்ப்புக்கு எடுத்துக்கொண்டிலர் என்பதே ஈண்டு யாம் நிறுவ முற்படுவது.

முதற்கண் பெயரை நோக்குவோம். ‘கொத்த மலுப்பு’ என்பதற்குப் புதிய திருப்பம் என்பது பொருள். தெலுங்குப் படப்பெயர் ‘நியாயம் வேண்டும்’ என்கிறது. இந்திப் படமான ‘முஜே இன்சாஃப் சாஹியே’ என்பதும் ‘எனக்கு நீதி வேண்டும்’ என்றே கேட்கிறது. இரண்டும் வழக்குத் தொடுத்தவளின் வாய்மொழிகள். தமிழ்ப் பெயரில் மட்டும் அக்கோரிக்கை இல்லை. அதனாற் சிலர், நீதி கேட்ட கதை தமிழில் ஊழின் கதையாய்ச் சுருங்கிற்று என்பர். அது சொல்லின் ஒரு பாதியை மட்டும் கண்டு கூறியதாகும். விதி என்பது ஊழையும் குறிக்கும். விலக்குக்கு மறுதலையாய், செய்யத்தக்கது இதுவென வகுக்கும் நெறியையும் குறிக்கும். இலக்கண நூலோர் இரண்டாம் பொருளிலேயே அச்சொல்லை நாள்தோறும் ஆளுகின்றனர். சட்ட நூலோரும் அவ்வாறே. பெயரிட்டோர் எப்பொருளைக் கருதினரோ, அது வேறு; அவையோர் முன் நின்றது இரு பொருளும் உடைய சொல்லே.

கதையும் அச்சொல்லைப் போல் இரு கிளைப்பட்டது. இளம்பெண்ணின் வழக்கு ஒரு கிளை. அதில் கேள்வி, ஒருவன் கொடுத்த வாக்குக்கும் அவன் பெற்ற குழந்தைக்கும் அவனைப் பொறுப்பாக்கும் நெறி யாது என்பது. சகுந்தலாவின் பழங்கதை மற்றொரு கிளை. அதில் தந்தையின் பழி மகன் வழியே திரும்பி வருகிறது. படத்தின் திடுக்கிடும் சுவை முழுதும் இரண்டாங் கிளையில் உள்ளது. வழக்கின் வலிமை முழுதும் முதற் கிளையில் உள்ளது. தற்செயலைக் குறைகூறுவோர் இரண்டாவதை எடைபோடுகின்றனர். பெண்ணின் துணிவைப் போற்றுவோர் முதலாவதை எடைபோடுகின்றனர்.

இவ்வழக்கு தமிழுக்குப் புதியதன்று. களவொழுக்கம் பாடிய மரபு, களவில் கூடியவன் பின்னர் மறுத்தால் என் செய்வது என்னும் அச்சத்தையும் உடன் பாடியது. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் படைத்த தலைவி, தலைவன் தன்னைக் கூடிய பொழுதில் வேறொருவரும் அங்கு இலர் என்கிறாள். இருந்தது ஒரு குருகு. அதுவும் மீனுக்காகக் காத்திருந்தது. அவன் பொய்த்தால் தனக்குச் சான்று யாது என்பதே அவள் வினா. பாட்டின் நயத்தை வியந்து நின்றுவிடும் நாம், அது சான்றுச் சட்டத்தின் சிக்கல் ஒன்றைக் கூறுவதை நோக்குவதில்லை. தொல்காப்பியர் கற்பியலில், காதலரிடையே பொய்யும் பிழையும் நேர்ந்தமை கண்ட பெரியோர் திருமணச் சடங்கினை வகுத்தனர் என்று கூறும் கருத்தும் இச்சிக்கலுக்கு மரபு கண்ட விடையே. சடங்கு என்பது பலர் அறியச் செய்வது. பலர் அறிந்ததை ஒருவன் மறுத்தல் அரிது.

இவற்றினும் நேரிய சான்று அகநானூற்றின் 256ஆம் பாட்டு. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. பரத்தையோடு ஆடிவிட்டு வந்து, அதனை மறைக்கும் தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கிறாள். உன் செயலால் எழுந்த அலர் எவ்வளவு பெரிது தெரியுமா என்று கூறவந்தவள், கள்ளூர் என்னும் ஊரில் நிகழ்ந்த ஒன்றை உவமையாக்குகிறாள். அவ்வூரில் இளம்பெண் ஒருத்தியின் நலனை நுகர்ந்த அறமற்றவன் ஒருவன், அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சான்று கூறுவோரை வினவி உண்மை தெளிந்தனர். பின்னர் அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீற்றைப் பெய்தனர். அப்பொழுது அவையில் எழுந்த ஆரவாரத்தினும் உன்னைப் பற்றிய அலர் பெரிது என்கிறாள் தோழி.

‘விதி’யின் முதற் கிளை முழுதும் இப்பாட்டில் உள்ளது: கூடியவன், மறுப்பு, பொய்ச்சூள், சான்று ஆய்தல், தீர்ப்பு. ஆயின் புலவர் உவமைக்கு எடுத்துக்கொண்டது தீர்ப்பின் நேர்மையை அன்று, தண்டனையின் கடுமையையும் அன்று, அவையின் ஆரவாரத்தை. ஒரு வழக்கு முடிந்தபின் நெடுங்காலம் நினைவில் நிற்பது கண்டோர் எழுப்பிய ஓசை என்பதை அக்காலப் புலவர் நன்கு உணர்ந்திருந்தார். கண்டோர் கருத்தை ஆராய்வது இலக்கிய ஆராய்ச்சி ஆகுமோ என ஐயுறுவார்க்கு இப்பாட்டே விடை. அந்த ஆரவாரம் ஒருமித்ததா, அதிலும் இரு குரல் இருந்தனவா என்பதைப் பாட்டு கூறவில்லை.

வழக்குரை காதையை இங்கே விடுதல் இயலாது. கண்ணகியின் வழக்கில் தீர்ப்பை முடிவு செய்தது ஒரு பொருள். தன் தேவியின் சிலம்பில் முத்து என்கிறான் பாண்டியன். உடைத்த சிலம்பினின்று தெறித்தது மாணிக்கம். இத்துணைத் தெளிவான சான்று இருந்தும், தமிழர் நினைவில் நின்றது உடைந்த சிலம்பைவிட அவள் பேச்சே. 1942ஆம் ஆண்டு வெளிவந்த ‘கண்ணகி’ படத்தில் இளங்கோவனின் உரையாடலைப் பேசிப் புகழ்பெற்றவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கண்ணாம்பா. 1964ஆம் ஆண்டுப் ‘பூம்புகார்’ அதே காட்சியைக் கருணாநிதியின் உரையாடலோடு மீண்டும் தந்தது. சிலப்பதிகாரப் பதிகம் கூறும் மூன்று உண்மைகளுள் அரசு பிழைத்தவனை அறம் கொல்லும் என்பதும் உண்டு. பழவினை வந்து பற்றும் என்பதும் உண்டு. நெறியும் ஊழும் ஒரே காப்பியத்தில் அருகருகே நிற்க, கற்போர் தத்தமக்கு ஏற்றதைப் பற்றிக்கொண்டனர். பாண்டியன் அவை குறித்து நம் பட்டிமன்றங்கள் இன்றும் ஓயாமைக்குக் காரணம் அதுவே.

சகுந்தலா என்னும் பெயரும் கருதத்தக்கது. காளிதாசர் நாடகத்தில், மறந்த மன்னன் முன் காட்டவேண்டிய மோதிரம் ஆற்றில் வீழ்ந்துவிடுகிறது. பொருட்சான்று இழந்தமையால் அவள் வழக்குத் தோற்கிறாள். மறைமலையடிகளின் மொழிபெயர்ப்பு வழியாக நம் மாணவர் அறிந்த சகுந்தலை இவளே. மகாபாரதத்துச் சகுந்தலை வேறு. அவளிடம் மோதிரம் இல்லை. துருவாசர் சாபமும் இல்லை. மன்னன் அறிந்தே மறுக்கிறான். அவள் அவையில் நின்று தந்தைமையின் கடமையைப் பற்றி நெடிது வாதிடுகிறாள். இறுதியில் அசரீரி சான்று கூறுகிறது. வழக்கறிஞர்க்கு இப்பெயர் இட்டது எக்கருத்தாலாயினும், படத்தின் சகுந்தலா பாரதத்தாளின் வழியினள்; காளிதாசர் படைத்தவளின் வழியினள் அல்லள்.

இனித் தமிழ்த் திரையின் மன்றக் காட்சிகளுக்கு வருவோம். அண்ணாவின் ‘வேலைக்காரி’ 1949இல் படமானபோது, வழக்கறிஞர் வேடத்தில் வந்து வாதிட்ட கே.ஆர். இராமசாமியின் காட்சி பெரும் புகழ் பெற்றது. 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’யின் மன்றக் காட்சியைப் பற்றி விரித்துரைத்தல் மிகை. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தினின்று பிறந்த அப்படத்தின்மேல் எழுந்த கருத்து வேறுபாடு மட்டும் ஈண்டு வேண்டுவது. தடைசெய்க என்றோர் ஒருபுறம், உரையாடலை நூலாய் வாங்கி மனனம் செய்தோர் ஒருபுறம். ‘தினமணி கதிர்’ ‘பரப்பிரம்மம்’ என எள்ளித் தலைப்பிட்டு மதிப்புரை எழுத, கருணாநிதி அத்தலைப்பிலேயே ஒரு நாடகம் எழுதினார். அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றவன் குணசேகரன் அல்லன், சமுதாயம் என்பதை இரு திறத்தாரும் அறிந்தே பிளவுபட்டனர்.

இவற்றுக்கு எதிர்மறையாய் ஒன்று. 1954ஆம் ஆண்டு எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ ஒரு கொலையைப் பலர் வாய்மொழியால் மாறிமாறிக் கூறிப் புலனாயும் படம். பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. மறைபொருளை மட்டும் நம்பிய அப்படத்தை அறிஞர் மெச்சினர். பொதுமக்கள் முதலில் ஏற்கவில்லை. மறைபொருட் சுவை மட்டும் நம் அவையை நிறைப்பதில்லை, வாதம் வேண்டும்.

அவை தீர்ப்புக் கூறும் வழக்கம் நம் நீதிமுறையிலும் ஒருகாலத்தில் இருந்தது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரர்களுள் அறுவர் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றனர், மூவர் மறுத்தனர். பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கு 1947இல் இருவரின் விடுதலையோடு முடிந்தது. பின்னர் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கு இடமே இல்லாது போயிற்று. சட்டம் மக்களிடமிருந்து எடுத்துக்கொண்ட அவ்விருக்கையைப் படக்கொட்டகை அவர்க்குத் திருப்பி அளித்தது எனின் மிகையாகாது. ‘விதி’க்குக் கூடிய அவை, தீர்ப்புக் கூறும் உரிமை தனக்குண்டு என்னும் எண்ணத்தோடு கூடிய அவை.

அந்த அவை கொட்டகையோடு நிற்கவில்லை. படத்தின் உரையாடல் ஒலிநாடாவாய் வெளிவந்து தேநீர்க் கடைகளிலும், திருமண வீடுகளிலும், திருவிழாப் பந்தல்களிலும் ஒலிபெருக்கி வழியே முழங்கியது. திரைப்பட உரையாடல் தனியே ஒலித்தல் புதிதன்று. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ ஆகியவற்றின் இசைத்தட்டுகள் முன்னரே வழங்கின. வானொலியின் ஒலிச்சித்திரமும் செவிகளைப் பழக்கியிருந்தது. ஆயினும் அவை புராணமும் வரலாறும். கருவுற்ற கன்னி ஒருத்தியின் வழக்கு, குறுக்கு விசாரணையோடு, தந்தையும் மகளும் ஒருங்கு அமர்ந்திருக்கும் தெருவில் காலை முதல் இரவு வரை கேட்டது புதிது. வீட்டில் ஒருவரும் வாய்திறவாத பொருளை ஊர் முழுதும் கேட்க வைத்த ஒலிநாடா அது.

பேச்சு மிகுந்தது என்னும் குறையை இங்கே வைத்து நோக்கவேண்டும். திரை என்பது காட்சிக் கலை, கண்ணால் உணர்த்தவேண்டியதை நாவால் உணர்த்துவது குறை என்னும் கொள்கை உலகெங்கும் உண்டு. அது பெரும்பாலும் சரி. ஆயின் மன்றத்தில் நிகழ்வது பேச்சே. வினவுதல், மறுத்தல், மடக்குதல் என்பன அங்கே செயல்கள். ஆரூர்தாஸின் உரையாடலில் அளவு கடந்த இடங்கள் உண்டு. எதுகை மோனைக்காக வாதம் தளரும் இடங்களும் உண்டு. அவற்றை நீக்கினாலும் படம் பேச்சுப் படமாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

மேலும் ஒன்று. ஒலிநாடாவை ஒருவர் பத்துமுறை கேட்டால், தயாநிதி யார் என்னும் மறைபொருள் முதன்முறையோடு தீர்ந்துபோகிறது. எஞ்சிய ஒன்பது முறையும் அவர் கேட்டது வாதத்தை. தற்செயலைக் குறைகூறுவோரின் தீர்ப்பு முதற் காட்சிக்குரியது. மீண்டும் மீண்டும் கேட்டோரின் தீர்ப்பு வாதத்துக்குரியது. ஊழாகிய விதி ஒருமுறையில் தீர்ந்தது. நெறியாகிய விதி தீரவில்லை.

இதனை நன்கு விளக்கும் நிலப்பகுதி ஒன்று உண்டு. பனம்பாரனார் வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லை என்றார். அவ்வெல்லையை ஒட்டிய இன்றைய திருவள்ளூர் மாவட்டம், 1997இல் செங்கற்பட்டு மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் படாஸ்கர் தீர்ப்பின்படி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. கோடு வரைந்தனர், மொழியை அவ்வாறு பிரித்தல் இயலவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே ஆரம்பாக்கத்தைக் கடந்தால் தடா, இருபுறமும் இருமொழி. ‘நியாயம் காவாலி’யும் ‘விதி’யும் இப்பகுதியார்க்கு ஒரே நாட்பயணத் தொலைவில் இருந்த படங்கள். தெலுங்கில் 1981இல் கதை அறிந்தவர்க்குத் தமிழில் 1984இல் திடுக்கிட ஒன்றும் இல்லை. அவர் தமிழ்ப் படத்தைக் காண்பதாயின் வாதத்தைக் கேட்கவே காணவேண்டும்.

முடிவு அறிந்த வழக்கை மீண்டும் கேட்டல் இத் தொண்டை மண்டலத்தார்க்குப் பழக்கமானதே. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து நிகழ்த்தும் நாடு இது. துகிலுரிதல் ஆட்டத்தில் திரௌபதி கேட்பது சட்ட வினா: தன்னைத் தோற்றபின் ஒருவன் மனைவியைப் பணயம் வைத்தல் செல்லுமா? அவையில் இருந்த பெரியோர் விடை கூறிலர். ஆண்டுதோறும் அக்கூத்தைக் கண்டு விடியும்வரை அமர்ந்திருப்போர், அடுத்து நிகழ்வது யாதென்று அறியாதவர் அல்லர். அவ்வினாவை மீண்டும் ஒருமுறை உரக்கக் கேட்பதற்கே அமர்ந்திருக்கின்றனர்.

படத்தில் வரும் நீதிமன்றம் நீதிமன்றம் போல் இல்லை என்னும் குறை எஞ்சியுள்ளது. வழக்கறிஞர் பலரும் கூறுவது இது. நடைமுறை நோக்கில் உண்மையும் கூட. மன்றத்தில் அவ்வளவு நெடிது பேச நீதிபதி விடார். ஆயின் 1984ஆம் ஆண்டின் சட்டம் அப்பெண்ணுக்கு யாது அளித்தது என்று பார்த்தபின் இக்குறையைக் கூறுதல் நன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, மணவாழ்வில் பிறவாத குழந்தைக்கும் தந்தை வாழ்க்கைச் செலவு தரவேண்டும் என்றது. அத்தொகையின் உச்ச வரம்பு மாதம் 500 ரூபாய்; 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அவ்வரம்பு நீடித்தது. அதனைப் பெறவும் தந்தை இவன் என்று மெய்ப்பிக்க வேண்டும். பாலியல் வன்கொடுமை வழக்குகளை மூடிய மன்றத்தில் விசாரிக்க வேண்டும் என 1983ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. ஆயினும் அத்தகைய வழக்குகளில் பெண்ணின் ஒழுக்கத்தையே தாக்கி அவள் சான்றைத் தள்ள வழிசெய்த சான்றுச் சட்டப் பகுதி 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரை நின்றது. படத்தின் குறுக்கு விசாரணை கொடிது என்போர், மெய்யான மன்றத்தில் சட்டமே அக்கொடுமைக்கு இடமளித்திருந்ததை எண்ணவேண்டும்.

மெய்ப்பித்தல் எவ்வாறு? இரத்த வகைச் சோதனை ஒருவன் தந்தை அல்லன் என்று சில வேளை காட்டுமே அன்றி, இவனே தந்தை என்று காட்டாது. ‘விதி’ வெளிவந்த அதே 1984ஆம் ஆண்டு செப்டம்பரில், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு அடையாள முறையைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளில் கேரளத்தின் தலச்சேரியில் தந்தைமை வழக்கொன்றில் அம்முறை இந்தியாவில் முதன்முறையாகப் பயன்பட்டது. அதன்பின் இத்தகைய வழக்கில் சிலம்பை உடைத்துக் காட்டுதல் இயல்வதாயிற்று. அதற்கு முன்னர்ப் பெண்ணிடம் இருந்தது பேச்சு ஒன்றே. கபிலரின் தலைவிக்கு ஒரு குருகேனும் இருந்தது. ஆதலின் ‘விதி’யின் சொற்பெருக்கு அக்காலத்துச் சான்று நிலையின் விளைவும் ஆகும். கதை இன்று எழுதப்பட்டால் ஓர் ஆய்வகத் தாளோடு நடுவிலேயே முடிந்துவிடும்.

நாவலினின்று படமான மற்றொரு கதையை இங்கு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஜெயகாந்தன் 1966இல் ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை, காரில் வந்த அயலானால் கெடுக்கப்பட்ட பெண்ணைத் தாய் நீராட்டி ஏற்றுக்கொள்வதாக முடிந்தது. வாசகரிடையே பெரும் பூசல் எழுந்தது. தாய் அவ்வாறு ஏற்காமல் கூக்குரலிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அவரே விரித்து எழுதியது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அந்நாவல் 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் படமாயிற்று. கங்கையாக நடித்த இலட்சுமி தேசிய விருது பெற்றார்.

கங்கை வழக்குத் தொடுக்கவில்லை. அவனைத் தேடிக் காண்கிறாள், பழகுகிறாள், அவனை வெறுக்கவும் இயலாதவளாகிறாள். மன்றம் ஏறாத வழக்கு அது. அதனால் அங்கே தீர்ப்பு எவர்க்கும் எளிதாய் இல்லை. ஜெயகாந்தன் அவ்வாறு எளிதாக்க விரும்பவும் இல்லை. இலக்கியத் தரம் நோக்கின் ‘விதி’ அதன் அருகே நிற்கத் தகாது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் கங்கையின் கதை தனியே அமர்ந்து படிக்கும் கற்றோரிடையே விவாதமாயிற்று; ‘விதி’யின் கதை தேநீர்க் கடையில் நிற்பவரிடையே விவாதமாயிற்று. முன்னது மனத்தின் அறைக்குள் நடக்கும் விசாரணை; பின்னது ஊர் மன்றம். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்தமையே கற்றோர் பலரின் கடுங்கருத்துக்குக் காரணம்.

தற்செயலைக் குறைகூறுவோர் பக்கத்திலும் ஒரு வலிய நியாயம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. சகுந்தலாவுக்குத் தயாநிதியின்மேல் தனிப்பகை இருத்தலால், இளம்பெண்ணின் வழக்கு பழைய கணக்கைத் தீர்க்கும் கருவியாய் மாறும் இடர் உண்டு. பகையற்ற ஒருத்தி, கூலிக்கு வாதிடும் ஒருத்தி, இவ்வழக்கை வென்றிருந்தால் நெறி வென்றதாகும். காயப்பட்டவளே வந்து வாதிட வேண்டியதாயிற்று என்பது, மற்றையோர் வாரார் என்பதை ஒப்புக்கொள்வதும் ஆகிறது. கதையாசிரியர் இதனை உணர்ந்தே அமைத்திருந்தால் அது நம் நீதிமன்றங்களைப் பற்றிய கசப்பான கூற்று. திடுக்கிடச் செய்யவே அமைத்திருந்தால் அது கட்டுக்கோப்பின் தளர்ச்சி. படம் இரண்டுக்கும் இடமளிக்கிறது. அவ்வகையில் அவையோர் பிளவு படத்தின் உள்ளிருந்தே எழுந்தது.

கும்மிடிப்பூண்டியில் 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் அந்நிலத்தின் அவையும் மாறிற்று. பல மாவட்டங்களினின்றும், பின்னர்ப் பல மாநிலங்களினின்றும் இளையோர் வேலை தேடி வந்து வாடகை அறைகளில் தங்குகின்றனர். முறைமாறி வரும் பணிநேரத்துக்கிடையே பழக்கம் பிறக்கிறது, வாக்குக் கொடுக்கப்படுகிறது. ஊரில் இருந்தால் அவனைப் பெயர்சொல்லி அழைத்துக் கேட்க ஒரு மாமனோ பெரியப்பனோ இருப்பார். இங்கே பக்கத்து அறைக்காரன் அடுத்த மாதம் வேறு ஆலைக்குப் போய்விடுகிறான். கள்ளூரில் சான்று கூற ஊர் இருந்தது. தொழிற்பேட்டையில் அவ்வூர் இல்லை. எஞ்சியவை காவல் நிலையமும், திருவள்ளூரில் உள்ள மகளிர் நீதிமன்றமும்.

2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, நிறைவேற்றும் எண்ணமின்றி மணப்பதாக வாக்களித்துப் பெண்ணைக் கூடுதலைத் தனிக் குற்றமாக்கி, 10 ஆண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கிறது. 1981லும் 1984லும் படத்துப் பெண் கேட்ட நெறிக்கு இப்பொழுது எழுத்து வடிவில் ஒரு பிரிவு உண்டு. இதனைப் பற்றியும் கருத்து இரண்டாகவே உள்ளது. பெண்ணுக்கு இது காவல் என்போர் உளர். முறிந்த காதலையெல்லாம் குற்றமாக்கும் எனவும், தானே எண்ணித் துணிந்த பெண்ணை ஏமாந்தவளாகவே நிறுத்தும் எனவும் அஞ்சுவோர் உளர். வாக்குக் கொடுத்த பொழுதே அவன் உள்ளம் பொய்யாய் இருந்ததா, பின்னர் மாறியதா என்பதை மெய்ப்பிக்க மரபணுச் சோதனையும் உதவாது. குழந்தை எவனது என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. சொல் மெய்யோ என்பதற்கு இன்னும் வாதமே வேண்டியுள்ளது.

கள்ளூர்ப் பாட்டில் ஊரின் பெயர் உண்டு. பெண்ணின் பெயர் இல்லை. அகத்திணையில் பெயர் கூறலாகாது என்பது இலக்கணம். வன்கொடுமைக்கு ஆளானவளின் பெயரை வெளியிடலாகாது என்பது இன்றைய சட்டம். அவ்வவையில் அவள் யாது பேசினாள் என்பதையும் கடுவன் மள்ளனார் கூறிற்றிலர்.